பிரேக் மிதித்தால் வண்டி நடுங்குகிறதா?



சம்பளம், விடுப்பு, வீட்டுப் பிரச்சினை என்று பேசுகிற இந்தப் பகுதியில் இந்த வாரம் ஒரு வண்டிக் கதை. "சங்கத்துக்காரனுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். முழுக்கப் படித்தால் சம்பந்தம் தானே விளங்கும்.

யோங் பெங் பட்டணத்தைத் தெரியாத லாரிக்காரர் நம் நாட்டில் குறைவு. 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்னால், தலைநகருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற வண்டிகள் பழைய சாலையில் இந்த ஊர் வழியாகத்தான் போய் வந்தன. பத்து பகாட், பாரிட் சூலோங், லாபிஸ், ஆயர் ஈத்தாம் என்று நாலு பக்கமும் இங்கிருந்து சாலை பிரிகிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. வெட்டிய பழக்குலை ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் பழம் ஏற்றுகிற வண்டிக்கு எப்போதும் அவசரம். அவசரமும் பாரமும் சேர்ந்த இடத்தில் பிரேக்தான் உயிர்.

இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் உழைத்த ஓர் அண்ணன். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தார். பலரும் செய்வதுபோல் அதைக் கல்யாணத்துக்கும் கடனுக்கும் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். ஒரு டன் தாங்கும் வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். சிறுதோட்டக்காரர்களின் பழத்தை ஏற்றி ஆலையில் போடுவது, காலையில் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விடுவது. இதுதான் அவருடைய திட்டம்.

வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. ஒரு நாள் சங்கக் கிளை அலுவலகத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, வண்டி ஆடுதுப்பா. பிரேக்குல கால வச்சா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. பேரப்புள்ள பயந்து அழுவுறான்."

"எந்த ஸ்பீடுலண்ணே?"

"எண்பதுக்கு மேல. மெதுவா போனா ஒண்ணும் தெரியல."

ஆயிரம் வெள்ளி போன கதை

முதலில் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த போமன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் பெங்கோக் லா, துக்கார் பாரு" என்றார். வட்டு வளைந்துவிட்டது, புதுசு போடு என்று பொருள். இரண்டு புது வட்டு, புது பேட். அறுநூறு வெள்ளிக்கு மேல் ஆனது. வண்டி பட்டுப்போல் நின்றது. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டு மாதம் போயிருக்கும். நடுக்கம் மறுபடியும் மெல்லத் தலைகாட்டியது. மூன்றாம் மாதம் பழையபடி ஆட்டம். இன்னொரு பட்டறைக்குப் போனார். "டையர்தான் காரணம்" என்று சக்கரத்தைச் சமன் செய்தார்கள், அலைன்மெண்ட் பார்த்தார்கள், ஒரு பேரிங்கையும் மாற்றினார்கள். முந்நூற்றைம்பது வெள்ளி. நடுக்கம் போகவில்லை.

2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் பாதிக்கு மேல் கரைந்தும் நோய் தீரவில்லை. "வித்துப்புடலாம்னு இருக்கேன் தம்பி" என்றார் அண்ணன். விற்றால் யார் தலையில் விடியும்? வாங்குகிற இன்னொரு ஏழையின் தலையில்தான்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் தோட்டத்துப் பட்டறையில் காலமெல்லாம் டிராக்டரும் லாரியும் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

முதலில் கேள்வி, பிறகுதான் ஸ்பேனர்

பெரியவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். அவர் கேட்டதை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: பிரேக் மிதிக்காமல் ஓட்டும்போதும் ஆடுகிறதா? ஆடினால் முதலில் டையர், ரிம், சக்கரச் சமன், புரொப்பல்லர் தண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக்கையும், முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: ஆட்டம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங் கையில் துடித்தால் பெரும்பாலும் முன் பிரேக். உட்காருகிற இடமும் வண்டி உடம்பும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் டிரம். மிதிகட்டை காலைத் தள்ளித் தள்ளி அடித்தால் வட்டோ டிரம்மோ ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். ஆனால் ஏபிஎஸ் உள்ள வண்டியில், சரளைக் கல்லிலோ ஈரத்திலோ பலமாக மிதிக்கும்போது மிதிகட்டை படபடவென்று அடிப்பது இயல்பு. அது நோயல்ல.

பின் டிரம்மைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட்பிரேக் பித்தானை அமுக்கிப் பிடித்தபடியே மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இழுக்கும்போது ஆட்டம் வந்தால் குற்றம் பின்னால். சில லாரிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் வேலை செய்யாமல் கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள தனி டிரம்மைப் பிடிக்கும். அந்த வண்டிகளுக்கு இந்தச் சோதனை ஆகாது. ஓடும்போது அதை இழுக்கவும் கூடாது.

அண்ணன் வண்டியில் ஹேண்ட்பிரேக் இழுத்தபோது ஆட்டமில்லை. மிதித்தபோது ஸ்டியரிங் துடித்தது. ஆக, குற்றம் முன்னால்.

"வளைஞ்சு போச்சு" என்பது பாதி உண்மை

பிரேக் வட்டு வெயிலில் காய்ந்த பலகைபோல் வளைந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல வண்டிகளில் நடப்பது வேறு.

வட்டு சுழலும்போது கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளாடினால், அதன் ஓர் இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசிக்கொண்டே போகும். பிரேக் போடாத நேரத்திலும் உரசும். சக்கரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் உரசிய இடம் தேய்ந்து மெலிந்துவிடும். அப்போது வட்டு ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. பிரேக் மிதித்தால் தடிப்பான இடத்தில் பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும். இறுக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி வருவதுதான் நம் கைக்கு நடுக்கமாக வருகிறது.

எவ்வளவு வித்தியாசம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கினால் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டர் போதும். நம் தலைமயிரைவிட மெல்லியது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்கத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கொதிக்கிற பிரேக்கோடு வண்டியை நிறுத்திவிட்டுக் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், பேட்டின் மருந்து வட்டில் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். அதுவும் தடிப்புதான். அதுவும் ஆட்டும்.

பெரியவர் கண்டுபிடித்த நோய்

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு முட்டுக் கொடுத்தார் பெரியவர். "ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில தல விட்டவன் பொழச்சதில்ல" என்றார். வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் போகாதீர்கள்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பேரிங்கும் பால் ஜாயிண்டும் இறுக்கமாக இருந்தன. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். டை ராட் முனைகளும் சரி. சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் ஓடுகிற ஊசிகளை இழுத்துப் பார்த்தார். வலப்பக்கம் ஒன்று செம்மண் சேறு புகுந்து இறுகியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் பூசினார். சாதாரண கிரீஸ் உருகி ஓடும், ரப்பரைக் கெடுக்கும்.

பிறகு இரவல் வாங்கி வந்த டயல் கேஜை எடுத்தார். பட்டறைக் கத்துக்குட்டியும் பழகிக்கொள்ளக்கூடிய கருவிதான். வட்டைச் சக்கர நட்டுகளால் சமமாக இறுக்கிவிட்டு, வெளிவிளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே முள்ளை வைத்து, கையால் மெல்லச் சுற்றினார். இடப்பக்கம் 0.04 மில்லிமீட்டர் தள்ளாட்டம், குற்றமில்லை. வலப்பக்கம் 0.16. சுமார் 0.05 முதல் 0.1 வரைதான் பொறுக்கலாம். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப புது டிஸ்க்கும் கோணலா?"

பெரியவர் சிரித்தார். "அவசரப்படாத. குத்தம் டிஸ்க்குலயா, அது உக்கார்ற எடத்துலயான்னு பாக்கணும்."

முள் அதிகம் ஏறிய இடத்தில் வட்டிலும் ஹப்பிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். வட்டைக் கழற்றி, அரைச்சுற்று திருப்பி மாட்டி, மறுபடி அளந்தார். குற்றம் வட்டில் இருந்திருந்தால், மேடு வட்டுக் கோட்டோடு எதிர்ப்பக்கம் போயிருக்கும். போகவில்லை. ஹப் கோட்டோடு அதே இடத்தில் நின்றது.

வட்டைக் கழற்றி ஹப்பின் முகத்தைக் காட்டினார். பொருக்குப் பொருக்காகத் துரு! முதல் பட்டறையில் அந்தத் துருவின் மேலேயே புது வட்டை உட்கார வைத்திருக்கிறார்கள். போதாததற்குக் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்கியிருக்கிறார்கள். கோணலான பலகையில் நேரான பெட்டியை வைத்தால் பெட்டி என்ன செய்யும்? அதுதான் நடந்தது. புதுசாக இருந்தபோது வட்டு முழுக்க ஒரே தடிப்பு, ஆட்டம் தெரியவில்லை. தள்ளாடித் தள்ளாடி ஓரிடம் தேய்ந்த பிறகு ஆட்டம் திரும்பியது. இரண்டு மாதச் சந்தோஷத்தின் இரகசியம் இதுதான்.

தீர்த்த விதம்

கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு ஹப்பின் முகத்தையும், வட்டின் உள்முகத்தையும், ஒவ்வொரு போல்ட்டின் அடிப்பகுதியையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். அரமோ கிரைண்டரோ போடக் கூடாது; பள்ளம் விழும். தேய்த்த பிறகு அளந்தால் 0.05. ஓர் அரைமணி வேலை!

ஆனால் வட்டு ஏற்கெனவே ஓரிடத்தில் மெலிந்துவிட்டதே? எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் இருந்தது. ஒவ்வொரு வட்டிலும் 'இதற்குக் கீழே தேய்க்காதே' என்று குறைந்தபட்சத் தடிப்பு அச்சடிக்கப்பட்டிருக்கும். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் இருக்கும். அண்ணன் வட்டில் அந்த எல்லைக்கு மேல் நிறையத் தடிப்பு இருந்ததால், லேத்தில் மெல்லச் சீவினால் போதும். இரண்டு பக்க வட்டையும் சேர்த்தே சீவினார்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். எல்லையைத் தாண்டித் தேய்ந்த வட்டைச் சீவாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வெடித்துப்போகும்.

நட்டுகளை நட்சத்திரம் போடுகிற வரிசையில், எதிரும் புதிருமாக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்சு வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினார். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்கச் சொன்னார்.

கடைசியில் பேட்டையும் வட்டையும் பழக்கினோம். வெறிச்சோடிய சாலையில் அறுபதிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வேகம்வரை எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறைத்து, முழுக்க நிற்காமல் ஓட்டி, பிறகு ஆறவிட்டோம். மொத்தச் செலவு, லேத் கூலியும் கிரீஸும்தான். நூறு வெள்ளியை எட்டவில்லை. பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் வீட்டிலிருந்து ஒரு சீப்பு பீசாங் மாஸ் போனது. மாதங்கள் பல ஆகிவிட்டன, ஆட்டம் திரும்பவில்லை.

சில பிக்கப்புகளில் வட்டு ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதைக் கழற்றப் பட்டறைதான் வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, பக்கத்தில் நின்று, "தவுக்கே, ஹப்பைத் தேய்ச்சீங்களா? அளந்தீங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்பது. அளக்காமல் சாமான் மாற்றுகிறவர் வைத்தியர் அல்ல, மருந்து வியாபாரி.

இன்னொரு எச்சரிக்கை. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

நடக்கிற வேகத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். எண்பதுக்குக் கொண்டுபோய், பின்னால் வண்டியில்லாத இடத்தில் மிதித்துப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள்; தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு கண்டிருக்கிறது. பிரேக் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து ஆவியாகி, மிதிகட்டை தரைக்குப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

ஓட்டுகிற முறையும் முக்கியம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. அதன்மேல் அளவுக்கு மீறிய பழக்குலையும் ஏற்றினால்? இறக்கத்தில் சின்ன கியர் போட்டு இறங்குங்கள். ஆலையிலிருந்து வந்த சூட்டோடு சக்கரத்தில் பச்சைத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

தோட்டத்து வண்டியானால்?

இதுதான் சங்கத்துக்காரனின் பகுதி. நம் சொந்த வண்டி ஆடினால் நாம் பட்டறைக்குப் போகிறோம். தோட்டத்து வண்டி ஆடினால்? "மண்டோர்கிட்ட சொன்னேன், அவரு பாக்கலாம்னாரு" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறோம்.

2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி கெந்திங் மலைச் சரிவில் பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் இறந்தார்கள். விசாரணையில் பெரிதாக வெளிவந்தது பிரேக் கோளாறுதான். பிரேக் திடீரென்று சாவதில்லை. முனகும், நாறும், ஆடும், இழுக்கும். காது கொடுக்கிறவன் பிழைத்துக்கொள்கிறான்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, வேலைக்குத் தருகிற வண்டியையும் இயந்திரத்தையும் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் 26A பிரிவு நமக்கு முக்கியம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்புகிற தொழிலாளி, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி குற்றம். நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். வண்டி எண், தேதி, 'எண்பதில் மிதித்தால் ஸ்டியரிங் துடிக்கிறது, வலப்பக்கம் இழுக்கிறது' என்று நாலு வரி போதும். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். விபத்து நடந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளி. அவர் தெரிவித்தாரா என்று கேட்க வேண்டியது நாம்.

அந்த அண்ணன்போல் சொந்த வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வண்டிக்கு வரிகட்ட மறக்காத நாம், நமக்குச் சந்தா கட்ட மறக்கலாமா?

போன வாரம் அந்த அண்ணனைப் பள்ளி வாசலில் பார்த்தேன். பேரன் முன்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இப்ப வண்டி ஆடுதாடா?" என்றேன்.

"இல்ல மாமா. தாத்தாதான் பாட்டுக்கு ஆடுறாரு" என்றான்.

நடுங்குகிற பிரேக் நமக்கு ஏதோ சொல்கிறது. கேட்போம், அளப்போம், சரி செய்வோம். நம் வீட்டு விளக்கு நாம் திரும்பி வரும்வரை எரிந்துகொண்டிருக்கட்டும்!